நெட்வொர்க்குக்குக் காவல் யார்? கண்காணிப்பு சாப்ட்வேர்கள் ஓர் ஒப்பீடு

உங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அது ஓடவில்லை என்றால் உங்களுக்கு உடனே தெரிந்து விடும், ஏனெனில் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரே நீங்கள்தான். ஹார்டு டிஸ்க்கில் இடம் இல்லை என்றால் திரையில் செய்தி வரும். இன்டர்நெட் வரவில்லை என்றால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். இதற்கெல்லாம் தனியாக ஒரு காவலாளி தேவையில்லை.

இப்போது ஒரு வங்கிக் கிளையையோ, ஒரு கல்லூரியையோ, ஒரு பனியன் கம்பெனியையோ எடுத்துக் கொள்ளுங்கள். சர்வர்கள் ஓர் அறையில் பூட்டிக் கிடக்கும். அதற்குத் திரைகூட இணைத்திருக்க மாட்டார்கள். சுவிட்ச்கள் சுவரில் ஏதோ ஒரு பெட்டிக்குள் இருக்கும். இவற்றில் ஒன்று படுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? கவுண்டரில் வரிசையில் நிற்கும் நமக்குத்தான் முதலில் தெரிகிறது. "சர்வர் டவுன் சார், அரை மணி நேரம் கழித்து வாங்க" என்ற வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது.

அந்த அரை மணி நேரத்தைத் தவிர்ப்பதற்காகவே நெட்வொர்க் மானிட்டரிங் சாப்ட்வேர்கள் இருக்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டர் வாசகர்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். திருப்பூரில் சிறிய பனியன் யூனிட் வைத்திருக்கும் என் சித்தப்பா கடந்த ஆண்டு என்னிடம், "ஏங் கண்ணு, நெட்வொர்க்கைப் பாத்துக்கறதுக்குன்னு சாப்ட்வேர் விக்கறாங்களாமா, எதை வாங்கறது?" என்று கேட்டார். வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஐந்து என்று கம்ப்யூட்டர் வாங்கும் பலருக்கும் இந்தக் கேள்வி என்றாவது வரும். அவருக்குச் சொன்னதையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

அதற்கு முன் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் எந்த சாப்ட்வேர் சிறந்தது என்ற என் கருத்து முழுவதும் அதிலிருந்துதான் வந்தது.

பச்சை விளக்கு எரிந்து கொண்டிருந்த இரவு

பொறியியல் முடித்து நான் சேர்ந்த முதல் வேலை இரவு ஷிப்டில் திரையைப் பார்த்துக் கொண்டிருப்பது. வெவ்வேறு வாடிக்கையாளர்களின் சர்வர்கள் ஒரு பெரிய பட்டியலாக ஓடும். நன்றாக இருந்தால் பச்சை, கவனிக்க வேண்டும் என்றால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. வாடிக்கையாளர்களில் ஒன்று ஒரு மருத்துவமனை. அதன் ரத்தப் பரிசோதனை லேபுக்கான சர்வர் எங்கள் பொறுப்பில் இருந்தது.

அந்த சர்வரில் 500 ஜிபி டிஸ்க். அதில் 80 சதவீதம் நிரம்பியதும் மஞ்சள் எச்சரிக்கை வரத் தொடங்கியது. 15 நிமிடத்திற்கு ஒரு முறை மெயில். இன்னும் 100 ஜிபி காலியாக இருக்கிறது. லேபின் டேட்டா நாளொன்றுக்கு ஒரு ஜிபி அளவுதான் வளர்கிறது. அதாவது மூன்று மாதத்திற்கு மேல் கவலையில்லை. ஒரு ஷிப்டில் இந்த ஒரே விஷயத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட மெயில்களைத் தள்ளித் தள்ளி அலுத்துப் போய், அந்த டிஸ்க்குக்கான எச்சரிக்கையை நான் நிறுத்தி வைத்தேன். இரண்டு கிளிக்தான். 95 சதவீதத்தில் வர வேண்டிய சிவப்பு எச்சரிக்கையும் அதே செக்குக்குள் இருக்கிறது, அதுவும் சேர்ந்து அடங்கிவிடும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பகல் ஷிப்டில் ஒருவர் பேக்கப் முறையை மாற்றினார். ஒவ்வொரு இரவும் 22 ஜிபி அளவுள்ள பேக்கப் பைல் அதே டிஸ்க்கில் விழத் தொடங்கியது. திங்கள் 78 ஜிபி மீதம். செவ்வாய் 56. புதன் 34. வியாழன் 12. வெள்ளி இரவு பேக்கப் ஓடும்போது டிஸ்க் முழுவதும் நிரம்பிவிட்டது. சனிக்கிழமை அதிகாலையில் நான் ஷிப்டில் இருந்தேன். என் திரையில் அந்த சர்வர் பச்சையாகவே இருந்தது.

காலை 6.20க்கு லேபிலிருந்து போன் வந்தது. புதிய ரத்த மாதிரியைப் பதிவு செய்ய முடியவில்லை, ரிப்போர்ட் பிரிண்ட் ஆகவில்லை. சர்வர் பச்சையாக இருக்கிறதே என்று நான் நெட்வொர்க்கைத் தேடினேன், பிரிண்டரைத் தேடினேன், டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் டிஸ்க்கைப் பார்த்தேன். இரண்டு பழைய பேக்கப் பைல்களை அழித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்த முதியவர்கள் லேப் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் நடக்க வேண்டிய ஓர் அறுவை சிகிச்சை ரிசல்ட் கிடைக்காததால் மறுநாளுக்குத் தள்ளிப் போனது. லேப் பொறுப்பாளர் என்னைத் திட்டவில்லை. "உங்க ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியலையா தம்பி?" என்று மட்டும் கேட்டார். தெரியாமல் செய்தது நான்தான் என்று அவரிடம் அன்று நான் சொல்லவில்லை. மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுத்தேன்.

எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

இனி விஷயத்துக்கு வருவோம். எல்லா மானிட்டரிங் சாப்ட்வேர்களுக்கும் அடிப்படை, பிங் என்னும் சின்னஞ்சிறு கட்டளை. இதை உங்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி கிடைக்கும். அதில் சிஎம்டி என்ற மூன்று எழுத்துக்களை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் கறுப்புத் திரையில் பிங் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, 192.168.1.1 எனக் கொடுங்கள். பெரும்பாலான வீட்டு மோடங்களின் முகவரி இதுதான். சிலவற்றில் 192.168.0.1 ஆக இருக்கலாம். நான்கு பாக்கெட்கள் போய்த் திரும்பும். ஒவ்வொன்றும் திரும்பி வர எத்தனை மில்லி செகண்ட் ஆயிற்று என்பதும் தெரியும். பதில் வராவிட்டால் "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்ற செய்தி கிடைக்கும்.

இதை 1983 டிசம்பரில் எழுதியவர் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர். அந்நாட்டு ராணுவத்தின் ஆய்வுக் கூடத்தில் வேலை பார்த்தவர். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு எதிரே என்ன இருக்கிறது என அறியும் அல்லவா? அந்த ஒலியின் பெயரையே இதற்கு வைத்தார்.

பிங் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: "இருக்கிறாயா?" உடம்பு எப்படி என்று அது கேட்காது. டிஸ்க் நிரம்பி மூச்சு முட்டிக் கொண்டிருந்த அந்த லேப் சர்வர்கூட பிங்குக்குத் தவறாமல் பதில் சொல்லிக் கொண்டிருந்தது. என் திரை பச்சையாக இருந்ததன் ரகசியம் இதுதான்.

உடம்பைப் பற்றிக் கேட்க எஸ்என்எம்பி என்ற மொழி இருக்கிறது. 1988ல் தரப்படுத்தப்பட்டது. சுவிட்ச், ரூட்டர், பிரிண்டர், யுபிஎஸ் என அலுவலகத் தரமான எந்தச் சாதனமும் இந்த மொழியைப் பேசும். மானிட்டரிங் சாப்ட்வேர் சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு சாதனத்திடமும் போய், "உன் முதல் போர்ட்டில் எத்தனை பைட் போயிருக்கிறது? டோனர் எவ்வளவு இருக்கிறது?" என்று விசாரிக்கும். அவசரம் என்றால் சாதனமே முந்திக்கொண்டு சொல்வதும் உண்டு. அதற்கு ட்ராப் என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். பழைய சாதனங்கள் பைட்டுகளை 32 பிட் கவுண்டரில் எண்ணுகின்றன. அதில் 429 கோடி சொச்சம் வரைதான் எண்ண முடியும். பிறகு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் சுற்றி வருவது போல. 100 எம்பி வேக லைன் முழு வீச்சில் ஓடினால் ஆறு நிமிடத்திற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒரு ஜிபி வேகத்தில் 34 நொடிதான். ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை வந்து மீட்டர் பார்ப்பவருக்கு, நடுவில் எட்டு முறை சுற்றியது எப்படித் தெரியும்? லைன் நிறைந்து வழியும்போது கிராப்பில் சும்மா இருப்பது போலக் காட்டும். எனவே எந்த சாப்ட்வேரை வைத்தாலும் 64 பிட் கவுண்டரைப் படிக்கும்படி செட் செய்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர்களுக்கும் சர்வர்களுக்கும் ஏஜென்ட் எனப்படும் ஒரு சிறு புரோகிராமை உள்ளே இன்ஸ்டால் செய்வதும் வழக்கம். டிஸ்க், மெமரி, எந்த சர்வீஸ் நின்றுவிட்டது என்பதையெல்லாம் அது உள்ளிருந்தே பார்த்துச் சொல்லும்.

களத்தில் உள்ளவை

இந்தத் துறையில் இலவச சாப்ட்வேர்களின் பாட்டனார் என்றால் எம்ஆர்டிஜி. டோபியாஸ் ஒய்ட்டிக்கர் என்பவர் 1994ல் இங்கிலாந்தின் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எழுதத் தொடங்கியது. அங்கு வெளியுலகத்துக்கு இருந்தது ஒரே ஒரு 64 கேபி லைன். அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. அவ்வளவுதான் அதன் வேலை, கிராப் வரைவது. இன்று புதிதாக இதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் அவரே 1999ல் வெளியிட்ட ஆர்ஆர்டிடூல் பின்னர் வந்த பல சாப்ட்வேர்களுக்கு அடித்தளமாயிற்று. இன்றைய கணக்கை ஐந்து நிமிட வாரியாகவும், பழைய கணக்கைச் சுருக்கி நாள் வாரியாகவும் வைத்துக் கொள்ளும். இதனால் எத்தனை ஆண்டு ஓடினாலும் பைலின் அளவு ஒரு கேபிகூடக் கூடாது.

அடுத்தது நேகியோஸ். ஈதன் கால்ஸ்டாட் 1999ல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டு, 2002ல் பெயர் மாற்றியது. இதன் அழகு அதன் எளிமை. ஒவ்வொரு சோதனையும் ஒரு தனிச் சிறு புரோகிராம். அது ஓடி முடிந்து ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் நலம், 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் ஆபத்து, 3 என்றால் தெரியவில்லை. இவ்வளவுதான் விதி. எனவே தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைக்கூட நேகியோஸில் கண்காணிக்கலாம், எண்ணைத் தரும் ஒரு சிறு புரோகிராம் எழுதத் தெரிந்தால் போதும். சங்கடம் என்னவென்றால் எல்லா செட்டிங்கையும் டெக்ஸ்ட் பைலில் கையால் எழுத வேண்டும். ஓர் இடத்தில் அடைப்புக்குறி விட்டுப் போனால் தொடங்கவே மறுக்கும். லினக்ஸ் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் நிரந்தரமாக இருந்தால் மட்டுமே இதை நாடலாம். இதன் வழியில் பிரிந்து 2009ல் வந்த ஐசிங்காவும் பலரால் பயன்படுத்தப்படுகிறது.

ஜாபிக்ஸ் எனக்கு மிகவும் பிடித்தது. லாட்வியா நாட்டின் அலெக்ஸெய் விளாடிஷேவ் 1998ல் தொடங்கி, 2001ல் இலவசமாக வெளியிட்டார். 2005ல் இதற்கென ஒரு நிறுவனம் உருவானது. சாப்ட்வேருக்குக் காசு கிடையாது, உதவிக்கும் பயிற்சிக்கும்தான் காசு. எத்தனை சாதனம் வேண்டுமானாலும் சேர்க்கலாம், எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. எல்லாவற்றையும் பிரவுசரில் மவுஸ் கொண்டே செட் செய்யலாம். விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் ஏஜென்ட் உண்டு, ஆனால் தலைமை சர்வர் லினக்ஸில்தான் ஓடும். கற்றுக்கொள்ள இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதன் மெனுக்களில் முதல் நாள் தொலைந்து போகாதவர் இல்லை.

இதன் ஒரு வசதியை மட்டும் தனியே சொல்லியாக வேண்டும். 2016ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து, டிஸ்க் இப்போது நிரம்பும் வேகத்தை வைத்து எத்தனை நேரத்தில் முழுதும் நிரம்பும் என்று இது கணக்கிட்டுச் சொல்லும். "80 சதவீதம் தாண்டினால் கூவு" என்பதற்குப் பதில் "இதே வேகத்தில் போனால் மூன்று நாளில் நிரம்பும் என்றால் கூவு" என்று எழுதி வைக்கலாம். அந்த லேப் சர்வர் ஒரு நாளுக்கு ஒரு ஜிபி வளர்ந்த நாட்களில் இந்த விதி வாயே திறந்திருக்காது, எனக்கும் அதை அடக்கி வைக்க அவசியம் வந்திருக்காது. பேக்கப் விழத் தொடங்கிய ஓரிரு நாளில் கத்தியிருக்கும்.

பிஆர்டிஜி ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரிலுள்ள பேஸ்லர் நிறுவனத்துடையது, முதல் பதிப்பு 2003. விண்டோஸிலேயே இன்ஸ்டால் ஆகும். நெட்வொர்க்கின் முகவரி வரிசையைக் கொடுத்தால் தானே தேடிக் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டுவிடும். ஒரு மதியத்தில் வேலை முடிந்துவிடும். விலையை சென்சார் கணக்கில் போடுகிறார்கள். சென்சார் என்றால் ஒரு சாதனம் அல்ல, சாதனத்தில் நாம் பார்க்கும் ஒரு விஷயம். டிஸ்க் ஒரு சென்சார், மெமரி ஒன்று, சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டும் ஒவ்வொன்று. சாதனத்திற்குச் சராசரியாகப் பத்து சென்சார் என்பது அந்த நிறுவனமே சொல்லும் கணக்கு. 100 சென்சார் வரை இலவசம் என்பதைக் கேட்டு, நூறு கம்ப்யூட்டருக்கு இலவசம் என எண்ணிவிடக் கூடாது.

ஆப்மேனேஜர் நம் ஊர்ச் சரக்கு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மேனேஜ்இன்ஜின் பிரிவு தயாரிப்பது. ஜோஹோ என்றதும் மெயிலும் ஆபீஸ் சாப்ட்வேரும்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் அது தொடங்கியபோது செய்தது இந்த நெட்வொர்க் மேலாண்மை வேலைதான், பெயர் மாறியது 2009ல். ஆப்மேனேஜர் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். விலை சாதன எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு சாதனத்தில் எத்தனை விஷயம் பார்த்தாலும் ஒன்றுதான். எனவே குறைந்த சாதனங்களை ஆழமாகப் பார்க்க ஆப்மேனேஜர் கணக்கு லாபம், நிறைய சாதனங்களை மேலோட்டமாகப் பார்க்க பிஆர்டிஜி கணக்கு லாபம். விற்பனையாளர்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை, நீங்களே காகிதத்தில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

பெரிய நிறுவனங்களில் அமெரிக்காவின் சோலார்விண்ட்ஸைப் பார்க்கலாம். வசதிகள் ஏராளம், விலையும் அப்படியே. ப்ரோமிதியஸ், கிராபானா என்ற பெயர்களையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். முன்னது 2012ல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்தது, பின்னது கிராப்களை அழகாகக் காட்டுவது. கிளவுடில் நூற்றுக்கணக்கில் பிறந்து மறையும் சர்வர்களுக்கானவை. பனியன் கம்பெனிக்கு இவை வேண்டாம்.

கூச்சலைக் குறைப்பதே கெட்டிக்காரத்தனம்

விளம்பரக் கையேடுகளில் "3000 வகை சாதனங்கள், 500 வகை ரிப்போர்ட்டுகள்" என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அவற்றை நான் பார்ப்பதே இல்லை. தேவையற்ற எச்சரிக்கையை எப்படித் தவிர்க்கிறது என்பதைத்தான் பார்ப்பேன். நாள் முழுதும் குரைக்கும் நாயை யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.

முதலாவது, ஒரு முறை பதில் வரவில்லை என்றதும் கூவக் கூடாது. நேகியோஸில் முதல் தோல்வியை மென்மையான நிலை என்று குறித்துக்கொண்டு, இடைவெளியைக் குறைத்து மேலும் சில முறை சோதிக்கும். தொடர்ந்து தோற்றால்தான் மெயில் அனுப்பும். எத்தனை முறை என்பதை நாம் தீர்மானிக்கலாம். மற்ற சாப்ட்வேர்களிலும் இதற்கு இணையான வசதி உண்டு.

இரண்டாவது, சார்பு. 24 கம்ப்யூட்டர்கள் ஒரு சுவிட்சில் தொங்குகின்றன. சுவிட்ச் போனால் 25 எச்சரிக்கைகள் வரும். 24ம் வெறும் எதிரொலி. எது எதன் பின்னால் இருக்கிறது என்று முன்பே சொல்லி வைத்தால் ஒரே ஒரு எச்சரிக்கை வரும். மேலே சொன்னவற்றில் இது முடியும், ஆனால் செட் செய்பவர்கள் இந்த வேலையைத்தான் "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, நிறுத்தி வைப்பதற்கு ஒரு கெடு. எச்சரிக்கையை அடக்கும்போது "எத்தனை மணி நேரத்திற்கு? என்ன காரணம்?" என்று சாப்ட்வேர் கேட்க வேண்டும். காலக்கெடு இல்லாமல் அடக்க விடும் சாப்ட்வேரில், அந்த பட்டனை யாரும் தொடாதபடி அனுமதியை மாற்றிவிடுங்கள். நான் இன்று வேலை செய்யும் இடத்தில், அடக்கி வைக்கப்பட்ட எச்சரிக்கைகளின் பட்டியலைத் தினமும் காலை 9 மணிக்குத் தானாகவே எல்லோருக்கும் அனுப்பும்படி செய்திருக்கிறேன்.

காவலாளியிடம் சாவிக்கொத்து

கண்காணிக்கும் சாப்ட்வேரிடம் எல்லா சர்வர்களின் பாஸ்வேர்டும் இருக்கும். 2020 டிசம்பரில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று உலகம் தெரிந்துகொண்டது. சோலார்விண்ட்ஸின் ஓரியன் சாப்ட்வேருக்கான அப்டேட்டிலேயே உளவாளிகள் தங்கள் புரோகிராமை நுழைத்திருந்தார்கள். அதே ஆண்டு மார்ச் முதல் ஜூன் வரை வெளியான அந்த அப்டேட்டுகள் ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தன. அமெரிக்க நிதித் துறை, வணிகத் துறை அலுவலகங்கள் வரை ஊடுருவினார்கள். பயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் சொந்த வீட்டில் திருடன் புகுந்ததை ஆராய்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

ஆகவே எதை வாங்கினாலும், அதற்குக் கொடுக்கும் யூசர் கணக்கு படிக்க மட்டும் உரிமை உள்ளதாக இருக்கட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைக் கொடுத்தால் வேலை சுலபம் என்பார்கள், கேட்காதீர்கள். எஸ்என்எம்பியில் "பப்ளிக்" என்ற சொல்லே பல சாதனங்களில் பாஸ்வேர்டு போல முன்கூட்டியே வைக்கப்பட்டு வரும், அதை மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்று, காவலாளியும் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுவிடக் கூடாது. 2021 அக்டோபர் 4ம் தேதி இரவு நம் ஊரில் வாட்ஸ்அப் ஓடாமல் எல்லோரும் போனை ஆப் செய்து ஆன் செய்து கொண்டிருந்தது நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, பேஸ்புக்கின் உள் நெட்வொர்க் முழுவதையும் துண்டித்துவிட்டது. சுமார் ஆறு மணி நேரம். பிரச்சினையைக் கண்டுபிடிக்க அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கருவிகளும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தன, அவையும் சேர்ந்தே படுத்துவிட்டன. அவ்வளவு பெரியவர்களுக்கே அந்தக் கதி. உங்கள் எச்சரிக்கை மெயில் உங்கள் மெயில் சர்வர் வழியாகவே போகிறது என்றால், மெயில் சர்வர் படுத்த செய்தி எப்படி வரும்? ஒரு சோதனையாவது வெளியே வேறோர் இடத்திலிருந்து நடக்க வேண்டும், எஸ்எம்எஸ் போல வேறொரு வழியில் செய்தி வர வேண்டும்.

விற்பனையாளர் 99.9 சதவீதம் ஓடும் என்று உறுதி கொடுத்தால் மகிழ்ந்துவிடாமல் கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். 99 சதவீதம் என்றால் மூன்றரை நாளுக்கு மேல்.

வீட்டுக்கு?

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இவை எதுவும் தேவையில்லை. விண்டோஸிலேயே இருப்பது போதும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதன் பெர்பார்மன்ஸ் பகுதியில் டிஸ்க், மெமரி, நெட்வொர்க் மூன்றின் கிராப்பும் ஓடும். அதிகம் பேர் அறியாதது ரிலையபிலிட்டி மானிட்டர். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கும். எந்தத் தேதியில் எந்த புரோகிராம் நின்றுபோனது, எப்போது அப்டேட் ஆனது என்பதை நாள்காட்டி போலக் காட்டி, பத்துக்கு இத்தனை என்று மார்க்கும் போடும். மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் இதைத் திறந்து பாருங்கள். எந்த நாளிலிருந்து கம்ப்யூட்டர் படுத்தத் தொடங்கியது என்று அவரிடம் சரியாகச் சொல்ல முடியும்.

சித்தப்பாவின் யூனிட்டுக்கு வருகிறேன். 22 கம்ப்யூட்டர், ஒரு சர்வர், இரண்டு சுவிட்ச், ஒரு ரூட்டர், மூன்று பிரிண்டர், எட்டு கேமரா. மொத்தம் 37 சாதனம். எனக்குப் பிடித்தது ஜாபிக்ஸ்தான். ஆனால் நான் இருப்பது பெங்களூரில். லினக்ஸ் சர்வரில் ஏதாவது ஆனால் அங்கே பார்க்க ஆளில்லை. அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பையனுக்கு விண்டோஸ் நன்றாகத் தெரியும். எனவே பிஆர்டிஜி இலவசப் பதிப்பு. 37 சாதனத்துக்கும் ஆளுக்கொரு பிங், சர்வருக்குக் கூடுதலாகப் பத்து, இரண்டு சுவிட்சின் 48 போர்ட்டுகள். கூட்டினால் 95 சென்சார், நூறுக்குள் அடங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை மதியம் போட்டுக் கொடுத்தேன். எச்சரிக்கை இரண்டே பேர் போனுக்கு வரும்படி வைத்தேன்.

முதல் வாரம் முழுவதும் தினமும் இரவு 8.10க்கு ஒரு சுவிட்சும் எட்டு கேமராவும் சேர்ந்தாற்போல் சிவப்பானது. காலை 7 மணிக்குத் தானாகப் பச்சையானது. சுவிட்ச் பழுது என்று நினைத்து புதியது வாங்கக்கூடச் சொல்லிவிட்டேன். கடைசியில் சித்தப்பாவே ஒரு நாள் இருட்டும் வரை அங்கே இருந்து பார்த்தார். ஆட்கள் எல்லோரும் போனதும் வாட்ச்மேன் அந்தப் பக்கத்து மெயினை ஆப் செய்து கொண்டிருந்தார். கேட்டதற்கு, "ஆருமில்லாத எடத்துல பொட்டி வெட்டியா எரியுதுங்களே" என்றாராம். கேமரா மாட்டி இரண்டு வருடம் ஆகிறது.